ராத்தாவின் ஐந்து இசைத்தட்டுகள்

பேத்தி காலையிலிருந்து தொலைபேசியும் கையுமாகச் சிநேகிதியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் வந்த இசைத்தொகுப்புகளில் எது முதலாவது, எது இரண்டாவது என்பதுதான் வழக்கு. "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது மூத்தப்பா" என்றாள். விளங்காதாம்! ஐம்பதுகளில் மருதமுனையில் நானும், ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவும் இதே சண்டையைப் பிடித்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நான் கல்முனைத் தபால் கந்தோரில் புதுக் கிளாக்கர். பார்சல்களுக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்குகிற வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. இசைத்தட்டிலும் அரக்குத்தான் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, புதுத்தட்டு வந்தால் மோந்து பார்க்கும் பைத்தியமும் பிடித்துவிட்டது. இடமாற்றமாகிப் போன ஒரு பெரியவர் தன் பழைய கிராமபோனை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். தட்டுகள் கொழும்பிலிருந்து வரும். ஊரார் பார்சலையெல்லாம் ஒதுக்கிவிட்டு என்னுடையதை முதலில் தேடுவேன். அரசாங்க சேவையில் நான் காட்டிய ஒரே சுறுசுறுப்பு அதுதான்.

ராத்தா என்னைவிட மூன்று வயது மூத்தவள். படமாளிகையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவளுடைய காது! எந்த இடத்தில் மிருதங்கக்காரர் ஒரு இம்மி பிந்தினார் என்று, ஒருமுறை கேட்டதும் சொல்லிவிடுவாள். நோன்பு பிறந்தால் பெட்டியை மூடிவிடுவோம். அதனால் அதற்கு முந்திய நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து, அந்த வருடத்துத் தட்டுகளில் ஐந்தைத் தெரிவோம். பள்ளிக்கூடம் போகாதவள், ஓதப் படித்த அறபு எழுத்திலேயே தமிழை எழுதி, ஒரு கொப்பியில் பதிந்து வைப்பாள்.

ஒரு வருடம் நான் சினிமாப் பாட்டொன்றுக்கு முதலிடம் கேட்டேன். அவளுக்கோ வெறும் புல்லாங்குழல் தட்டு.

"அதுல ஒரு சொல்லுமில்லையே ராத்தா."

"அதான் நல்லம். நம்மட சொல்ல நாம வெச்சிக்கலாம்."

அவள்தான் வென்றாள்.

அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மச்சான் புடவை வியாபாரி, தொழுகையாளி, அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டுப் பெட்டி உன்டதானே? ஊட்டுக்குள்ள வேணாம். வெளிய எங்கயும் வெச்சிக் கேளு."

"ஓம் மச்சான், என்டதான்" என்றேன்.

கதவுத் திரைக்குப் பின்னால் ராத்தா நிற்பது எனக்குத் தெரியும். அவளும் ஒன்றும் கதைக்கவில்லை.

பிறகு நானும் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, பெண்சாதியின் உம்மா வீட்டுக்குக் குடிபோனேன். பெட்டியும் என்னோடு வந்தது. மருதமுனைக்குப் போகும்போதெல்லாம் "இந்த வருசம் எது நல்லம்?" என்று கேட்பாள். என் தகரத் தொண்டையால் பாடிக் காட்டுவேன். வாயைப் பொத்திச் சிரிப்பாள். ஒருநாள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒருக்கா உன்ட ஊட்டுக்கு வரட்டா? ஒரு பின்னேரம் கேட்டுப்போட்டு வந்திருவன்."

"பெருநாள் கழியட்டும் ராத்தா."

மாமி என்ன நினைப்பாரோ, மச்சானுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று பயம். பெருநாள் கழிந்தது. அடுத்த பெருநாளும் கழிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.

மூன்றாவது பிள்ளை பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அந்தக் குழல் தட்டு எப்பிடித் தம்பி தொடங்கும்? ஞாபகம் வருகுதில்ல. ஒருக்கா முனகு."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓதுகிறவர்கள் நடுவில் எப்படி முனகுவது? "சும்மா படு ராத்தா" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்கு முன் மௌத்தாகிப் போய்விட்டாள்.

அந்த மாரி வெள்ளத்தில் தட்டுகள் சேற்றில் கிடந்தன. பெயர்ச்சீட்டுகள் கழன்று எல்லாம் ஒரே கறுப்பு. கழுவி எடுக்க எனக்குக் கை வரவில்லை. கொப்பி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

பல வருடங்களுக்குப் பிறகு, படுக்கையில் விழுந்த மச்சானைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ பாட்டு. "ராத்தா இருந்தா இதக் கேட்டு ரசிச்சிருப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மச்சான் தலையை என் பக்கம் திருப்பினார்.

"அவக்குப் பாட்டு விருப்பமா? உன்ட ஆசையெண்டுதானே நான் நினைச்சன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அவட அறைக்குள்ள வெச்சிருக்கலாமே தம்பி."

அவரும் போய்விட்டார். அந்த வீட்டு வளவில் ராத்தாவின் பிள்ளைகள், என் மருமக்கள், மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய உம்மாவைப் பற்றிக் கேட்டால், பொறுமைசாலியாம், தனக்கென்று ஒன்றுமே ஆசைப்பட்டதில்லையாம் என்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.