ஒரு வாய் சர்க்கரைப் புக்கை

ரஞ்சன் மாமா இல்லை.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அம்மாவின் மெசேஜ். "மாமா மோசம் போயிட்டார்." அவ்வளவுதான்.

பிரெஞ்சு பேசும் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் பில்டிங்கின் கீழே தமிழ்க்கடை வைத்திருந்தவர். சொந்த மாமா இல்லை... ஆனால் ஹொஸ்பிட்டலில் பிரெஞ்சு கதைக்க என்னைத்தான் கூட்டிப்போவார்.

அவருக்கு லிம்போமா என்ற புற்றுநோய். கீமோ பாதியில், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள். சீனி போன்ற ஒரு கதிர்மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். நோய் உயிரோடிருக்கும் இடம் அதை உறிஞ்சி, படத்தில் வெளிச்சமாகத் தெரியும். சாப்பிட்ட சீனி படத்தைக் குழப்பிவிடும். அதனால் வெறும் வயிற்றோடு போகவேண்டும்.

அன்று காலை அவர் மனைவி தேவி மாமி கோயில் பொங்கலான சர்க்கரைப் புக்கையை எடுத்து வந்தார். "பிரசாதம் சாப்பாடில்லையப்பா, ஆவெண்ணுங்கோ." ஒரு வாய் தீத்திவிட்டார்.

நர்ஸ் கேட்டதும் மாமா பெருமையாகச் சொன்னார்: "ஒண்டும் சாப்பிடேல்லை. சர்க்கரைப் புக்கை மட்டும்தான்."

மொழிபெயர்த்தேன். ஸ்கான் ஏழு நாள் தள்ளி அடுத்த கிழமைக்குப் போனது.

அடுத்தமுறை இன்னொரு கட்டளை. ஊசிக்குப் பிறகு அசையவும் கூடாது, கதைக்கவும் கூடாது. கதைத்தால் தொண்டைத் தசையும் வெளிச்சமாகிவிடுமாம்.

"ஐயோ பிள்ளை, கடைக்காரனைக் கதைக்காதை எண்டால் நான் இங்கையே செத்திடுவன்."

நர்ஸுக்கு அதை நான் சொல்லவில்லை.

படத்தில் கழுத்தும் நெஞ்சும் வெளிச்சமாகவே இருந்தன. மருந்து கேட்கவில்லை. மூளையும் பளிச்சென்று தெரிந்தது. அது எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் டொக்டர்.

"பாத்தியே தேவி, எனக்கு மூளை இருக்கு."

மாமி சிரிக்கவில்லை. "அந்த ஒரு கிழமை பிந்தினதாலையோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். இல்லை, அந்த ஒரு கிழமையால் ஒன்றும் மாறவில்லை என்றார் டொக்டர். மாமி திரும்பவும் கேட்கச் சொன்னார். திரும்பவும் அதே பதில்.

பிறகு வேறு மருந்துகள்... வேறு ஸ்கான்கள்...

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு நிறையச் சனம். மாமி என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் கேட்டார்.

"டொக்டர் உண்மையா அப்பிடித்தான் சொன்னவரோ? நீ எனக்காக மாத்திச் சொன்னனியோ?"

"இல்லை மாமி. அப்பிடியேதான் சொன்னவர்."

தலையாட்டினார். கையை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டார்.

இப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன். கீழே கடை பூட்டிக் கிடக்கிறது. குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மட்டும் தரை வழியாக வருகிறது...

மாமா, ஸ்கான் அறைக்கதவு மூடும்வரை உதட்டில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

போயிட்டு வாங்கோ. இனிக் கதைக்கலாம்.