குலுக்கிய பாட்டில்

குமுளியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். எத்தனையோ பேர் வந்து போனாலும், நான் நன்றியோடு நினைப்பது சென்னையிலிருந்து வந்த அந்த வயதான தம்பதியைத்தான்.

அன்று அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். கல்யாணமான புதிதில் கணவர் பிரான்சில் போர்டோ பக்கம் வேலை பார்த்தாராம். அப்போது வாங்கிய சிவப்பு ஒயின் ஒன்றை இந்த நாளுக்கென்றே பாதுகாத்து, காரில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவியிடம், "அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் எடுத்துத் தாங்கம்மா" என்றார்.

அவளும் எடுத்தாள். எடுத்தவள் சும்மா கொடுத்திருக்கக் கூடாதா? என் மூட்டுவலிக்குத் தினமும் அரிஷ்ட மருந்தைக் குலுக்கி ஊற்றிக் கொடுக்கிற கை. மேலும் கீழுமாக நன்றாக நாலு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நீட்டினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னட்டி செஞ்ச?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல் வரும்.

"குலுக்காம ஊத்துனா சத்து பூராம் அடியிலயே நின்னுரும்ல?" என்றாள் பாவம்.

பழைய ஒயினில் அடியில் கசடு படிந்திருக்குமாம். கலங்கிவிட்டால் கசந்துபோகுமாம். மறுநாள் காலையில் அவர்கள் கிளம்ப வேண்டும். என் மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த அம்மா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாட்டிலை நிமிர்த்தி வச்சா நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடும். நாங்க கூட ஒருநாள் இருக்கோம்" என்றார்.

மறுநாள் அவர்களைக் கம்பத்துக்குக் கூட்டிப்போனோம். மலை இறங்கினால் என் மனைவியின் ஊர்தான். அவள் அண்ணன் தோட்டத்துப் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நடந்த அந்தப் பெரியவர், ஒரு பழத்தைத் தோலோடும் கொட்டையோடும் மென்றார்.

"எங்க பாட்டில்ல ரெண்டு மூணு ஜாதி திராட்சை கலந்திருக்கு. ஒண்ணு முரடு, துவர்ப்பு ஜாஸ்தி. இன்னொண்ணு சாது. முரடு தனியா இருந்தா நாக்கைப் பிடிக்கும். சாது தனியா இருந்தா ரொம்ப வருஷம் தாங்காது" என்றார்.

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பந்தலைப் பார்த்தேன்.

அன்று மாலை, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் அந்த அம்மா செல்போன் விளக்கைப் பிடிக்க, அவர் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றினார். கறுப்பாகக் கசடு ஒரு இழை வந்ததும் நிறுத்திவிட்டார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க, அவ நின்னுக்கிட்டிருக்கா" என்றார் அந்த அம்மா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

என் மனைவி அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, பசிக்குது" என்றாள்.

முந்தின இரவிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தட்டை எடுத்துச் சோறு போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் பரிமாறியது அதுதான் முதல் தடவை.