காலியாக விட்ட முதல் இடம்

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணினி ஆசிரியனாக இருந்தேன். கடைசி ஆண்டு மாணவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் புராஜெக்ட் தலைப்பு கொடுப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து புரோகிராம் எழுதினேன். மாணவர்கள் ஐந்து தலைப்புகளை ஆசைப்படும் வரிசையில் எழுதித் தர வேண்டும். தலைப்பைத் தரும் ஆசிரியர்கள் தங்களுக்கு வேண்டிய மாணவர்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒரு தலைப்புக்குப் பலர் வந்தால் ஆசிரியரின் வரிசையில் முந்தியவருக்கு அது போகும்; மற்றவர்களுக்கு அவரவருடைய அடுத்த ஆசையைக் கணினி பார்க்கும்.

"உண்மையை மட்டும் எழுதுங்க. பெருசா ஆசைப்பட்டதால யாருக்கும் அடுத்தது கைவிட்டுப் போகாது" என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொன்னேன். அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

ஒரே ஒரு தாளில் புரோகிராம் சண்டித்தனம் செய்து நின்றது. முதல் இடம் காலி. இரண்டிலிருந்து ஐந்து வரை முத்துமுத்தான கையெழுத்து. ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வரும் பெண்ணின் தாள் அது. கூப்பிட்டு, "ஒண்ணாம் நம்பர் கண்ணுல படலியாம்மா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் சார் உண்மையை எழுதச் சொன்னிய. எனக்கு வாய்க்கால் தண்ணியை முறைவச்சு விடுத புராஜெக்ட்தான் வேணும். எங்க அப்பா வாய்க்கால் முடியுத கடைமடையில கூலி வேலை பாக்காவ. தண்ணி என்னைக்கு வரும்னு தெரியாமலே காத்துக் கெடப்பாவ. ஆனா அதுக்கு லேப்புல அஞ்சு மணிக்கு மேலதான் கம்ப்யூட்டர் கெடைக்குமாம். அஞ்சே காலுக்கு பஸ் ஏறலைன்னா நான் ஊருக்குப் போக முடியாது. வேற எதையாவது மொதல்ல எழுதுனா பொய்யாயிரும்லா."

ஆசைகளை வரிசைப்படுத்தத் தெரிந்த எனக்கு, எழுதவே வழியில்லாத ஆசை ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. துறைத் தலைவரிடம் மன்றாடி, காலை ஏழரைக்கே ஆய்வகத்தைத் திறக்க அனுமதி வாங்கினேன். சாவி என் பொறுப்பு. அவள் முதல் இடத்தை நிரப்பினாள்.

மறுநாள் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புரோகிராமை ஓட்டினேன். வாய்க்கால் தலைப்பு வேறொரு பையனுக்குப் போயிற்று. அவனுக்கு மதிப்பெண் அதிகம். ஆசிரியர் அவனைத்தான் முன்னால் வைத்திருந்தார். அவளுக்கு இரண்டாவது தலைப்பு. ஒரு வரியை மாற்றினால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. என் கை விசைப்பலகை வரை போனது. ஆனால் அந்தப் பையனும் உண்மையைத்தான் எழுதியிருந்தான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"இருக்கட்டும் சார். கேட்டாச்சுல்லா" என்று போனவள், வாசலிலிருந்து திரும்பி வந்தாள். தானாக ஒன்றைக் கேட்டு அவள் என் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"காலையில ஏழரைக்கு லேப் தெறக்கது மட்டும் அப்படியே இருக்கட்டுமா சார்? பஸ்ஸுல வாற பிள்ளைக இன்னும் நாலு பேரு இருக்காளுவ. கேக்கப் பயந்துக்கிட்டு இருக்காளுவ."

"ஏழேகாலுக்கே வந்துருதேம்மா" என்றேன்.