மன்னி படித்த கடிதங்கள்

இரண்டு கண்ணிலும் புரை எடுத்து, செயற்கை லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இப்போது செம்பூர் வீட்டுப் பால்கனியில் நின்றால் தெருமுனை பஸ்ஸின் நம்பர்கூடப் பளிச்சென்று தெரிகிறது. கையிலிருக்கும் மருந்துச் சீட்டுதான் தெரியவில்லை. "பிறந்தப்போ இருந்த லென்ஸ் கிட்டப் பார்க்கணும்னா தானே குவிஞ்சுக்கும் மாமி. வயசானா அது விறைச்சுப் போயிடும். இப்போ வெச்சது அசையவே அசையாது. படிக்கக் கண்ணாடி போட்டுக்கோங்கோ" என்றாள் டாக்டர்.

சீட்டை நீட்டிப் பிடித்தேன். கை போதவில்லை. சட்டென்று மாமியார் ஞாபகம்.

இரண்டாம் உலக யுத்த காலம். பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாவது மாடிக் குடித்தனம். எனக்குப் பதினெட்டு வயது. கல்யாணமாகி நாலாம் மாதம் இவரைக் கராச்சி ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள். பெண்டாட்டிக்குத் தனிக் கடிதம் எழுதும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது, அம்மாவுக்குத்தான் வரும். அவருக்கோ வெள்ளெழுத்து. காகிதத்தை எட்ட எட்டப் பிடிப்பார். ஜன்னலைத் தாண்டிவிடுமோ என்றிருக்கும். பாசாங்கு என்றே நினைத்தேன். பதினெட்டு வயதுக் கண்ணுக்கு என்ன தெரியும்?

நான் பம்பாயில் பிறந்து மராத்தி ஸ்கூலில் படித்தவள். தமிழ் பேசத்தான் வரும். ஆகவே கடிதம் படிப்பது என் ஓர்ப்படி கமலம். இவருக்கு மன்னி, எனக்கும் மன்னி. கும்பகோணத்துக்காரி, நிறுத்தி நிதானமாகப் படிப்பாள்.

"ராஜி வெச்ச வத்தக்குழம்பை நினைச்சுண்டுதான் இங்கே மெஸ் சாதம் இறங்கறதாம்."

மாமியார் "க்கும்" என்பார். எனக்கு வயிறு எரியும். என் புருஷன் எனக்குச் சொல்வது இன்னொருத்தி குரலிலா வரவேண்டும்? எதையாவது விட்டுப் படிக்கிறாளோ, தனக்கென்று வைத்துக்கொள்கிறாளோ என்றெல்லாம் தோன்றும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால் அதற்கும் கோபம்.

ஒருநாள் மாமியாரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "கண்ணாடி போட்டுண்டா நீங்களே படிக்கலாமேம்மா. அடுத்தவா கையை எதுக்குப் பார்க்கணும்?" தினமும் சொன்னேன். கடைசியில் மன்னியின் புருஷன் அவரைக் கிங்ஸ் சர்க்கிள் கடைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கொண்டாட்டம்.

அடுத்த கடிதத்தை மாமியாரே படித்தார். வெயில், ரேஷன், அப்பாவின் இருமல். "அனைவருக்கும் ஆசீர்வாதம், நமஸ்காரம்" என்று முடித்து மடித்தார்.

"அவ்வளவுதானாம்மா?"

"வேற என்ன வேணும்?"

மன்னி தலைநிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "முன்னாடி வந்ததிலேயும் இல்லையா மன்னி?"

"அவன் மனசுல இருந்ததுடீ. எழுதத்தான் தெரியலை" என்றாள்.

அதற்குப் பிறகு என் பொறாமை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கூடிற்று. எனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டியது இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டியவருக்குத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து இவர் வந்தார். நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தோம். நல்ல மனுஷர். குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த மாட்டுங்காக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். மன்னியும் இல்லை, இவரும் இல்லை. இவர் எழுதிய கடிதங்கள் அத்தனையும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பின்னாளில் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். மன்னி சொன்னதில் ஒரு வரிகூட அவற்றில் இல்லை.