ஏழு மணி வண்டி

இந்த அம்மாள் மேல் எனக்கு ஒன்பது வருடத்துக் கோபம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது தீரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவன். மற்றவர்களெல்லாம் ஐந்து மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நான் மட்டும் இருட்டிய பிறகும் தட்டு கழுவிக்கொண்டு நிற்கிறேன். காரணம் அவர்தான்.

எந்த நோயாளிக்கு எந்தச் சாப்பாடு என்று முடிவு செய்வது அவர் வேலை. சமையல்கட்டில் அவருக்கு உப்புப் போலீஸ் என்று பேர். அவர் அண்டாவுக்குள் கரண்டியை விட்டாலே சமையல்காரர் முகம் சுருங்கிவிடும்.

"மேடம், இதுக்கு மேல உப்பைக் குறைச்சா நோயாளி தட்டைத் தூக்கி என் மேலதான் எறிவான்."

"எறியட்டும். கையில தெம்பு வந்துடுச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிடலாம்."

எங்கள் ஆஸ்பத்திரியில் ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் நாலரை மணிக்கு. சிரிக்காதீர்கள், நிஜம். சமையல்கட்டை ஐந்துக்கு மூட வேண்டுமே. அப்புறம் மறுநாள் காலைவரை ஒன்றும் கிடையாது. சர்க்கரைக்காரர்கள் ஊசி போட்டுக்கொண்டு காய்ந்த வயிற்றோடு படுத்து, விடியற்காலையில் வியர்த்து நடுங்குவார்கள். நர்ஸ் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றுவார்.

"மருந்துக்கு நேரம் பாக்குறீங்க, சாப்பாட்டுக்கு மட்டும் பாக்க மாட்டீங்களா சார்?" என்று பெரிய டாக்டரிடம் போய் நின்றார் இவர். அந்த மனுஷன் மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது தேவலை. "நல்ல யோசனைம்மா. முதல்ல ஒரு வார்டுல மட்டும் சோதனையா பண்ணிப் பாப்போம்" என்றார்.

ஆண்கள் சர்க்கரை வார்டைக் கொடுத்தார்கள். சாப்பாடு சூட்டுப் பெட்டி வைத்த வண்டியில் காத்திருக்கும். ஏழு மணிக்கு ஒருவன் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த ஒருவன் நான். "மூணே மாசம்தான் அண்ணே" என்று இவர் சொன்னதை நானும் நம்பினேன்.

மூன்று மாதத்தில் விடியற்காலை நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. கால் புண்கள் சீக்கிரம் ஆறின. அதை எழுதி மேலே அனுப்பினார். முடிவு திருப்தி, சோதனையைத் தொடரலாம் என்று பதில் வந்தது. அடுத்த வருடமும் அதே பதில்தான். நிறுத்தவும் மாட்டார்கள், பக்கத்து வார்டுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். பெரிய டாக்டர்கள் மாறினார்கள். வந்தவர் எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரி கதவைத் திறக்கும்போதே, "இப்படின்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா என்னை ஒரு ஆந்தைக்கே கட்டிக் குடுத்திருப்பாரு" என்பாள்.

பொறுக்காமல் ஒரு நாள் அவர் அறைக்குப் போனேன். சமையல்கட்டுக்குப் பின்னால் பழைய சாமான் அறையைத் தடுத்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது.

"மேடம், என்னைப் பகல் வேலைக்கு மாத்திவிடுங்க."

"எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கு அண்ணே. எங்க வீட்டுக்காரரும் பிள்ளைங்களும் இருக்கிற ஊர்லயே. வேணாம்னு சொல்லிட்டேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"நான் கிளம்புன மறுநாளே வண்டியை நிறுத்திடுவாங்க. நீங்க போனாலும் நிக்கும்."

இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கட்டிப் போட்டாயிற்று. திரும்பி வந்து தள்ளினேன்.

போன வருடம் அவருக்கே வயிற்றில் கட்டி. பெண்கள் அறுவை வார்டில் படுக்க வைத்தார்கள். அங்கே நாலரை மணிச் சாப்பாடு. எங்கள் வார்டு ஆண்களுக்கானது, மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. நாலரைக்கு அவருக்குத் தொண்டையில் இறங்காது. பசிக்கும்போது தட்டு போயிருக்கும். அறுவைக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த அறுவையிலிருந்துதான் அவர் எழுந்திருக்கவில்லை.

அறுவைக்கு முன்னால், அன்று ராத்திரி என் வண்டியிலிருந்து ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துப் படுக்கைக்காரி பார்த்துவிட்டாள்.

"மேடம்னா சோறு சூடா தேடி வருது. நமக்கு நாலரைக்கே ராத்திரி ஆயிடுது."

வார்டே சிரித்தது. இவரும் சிரித்தார். மூடியைத் திறக்கவில்லை.

"இத்தனை வருஷம் வெளிய நின்னு சொல்லிக்கிட்டிருந்தேன் அண்ணே. படுத்துப் பாத்தாத்தான் தெரியுது. எழுந்து போகவும் முடியல, யார்கிட்டயும் கேக்கவும் முடியல. கூரையைப் பாத்துக்கிட்டே கிடக்கணும்."

"ஆறிடும் மேடம், சாப்பிடுங்க."

தட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தட்டு வேணாம், வண்டி வேணும். நாளையிலேருந்து இந்த வார்டுச் சாப்பாட்டையும் சூட்டுப் பெட்டியில வச்சிடுங்க. ஏழு மணிக்குத் தள்ளிட்டு வாங்க."

"நான் வீடு போய்ச் சேர பத்து மணி ஆயிடும்."

"ஆகும்."

"உத்தரவு எங்கன்னு கேப்பாங்களே?"

"சோதனைன்னு சொல்லுங்க அண்ணே. யார் ஆரம்பிச்சது, எப்ப முடியும்னு இங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."