எங்கேயாவது போகிற தண்ணீர்

எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தாங்கல் இருந்தது. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும் சின்னக் குளத்துக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். மனையை விற்றவர் அதைக் காட்டித்தான் எங்களுக்கு ஆசை காட்டினார். மாடியில் நின்றால் ஊட்டிக் காற்று வரும் என்றார். ஊட்டிக் காற்று வரவில்லை, கொசு வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். பாசியில் தொடங்கி, புழு, தவளை, மீன், கொக்கு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போவேன். தெருவில் நலச்சங்கம் ஆரம்பித்த புதிதில், தாங்கலைத் தூர்த்துவிட்டுப் பூங்கா போடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று வகுப்பே எடுத்துவிட்டேன். நம் கிணறுகளில் கைக்கெட்டுகிற ஆழத்தில் தண்ணீர் கிடப்பதே இந்தத் தாங்கலால்தான். இதை மூடினால் கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் போக இடமில்லாத தண்ணீர் உங்கள் ஹாலில் வந்து உட்காரும். கொசுப் புழுவைத் தின்கிற மீனும் தவளையும் இதில்தான் இருக்கின்றன. இப்படியெல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். தாங்கல் பிழைத்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

“சரி சார், தூர்க்க வேண்டாம். ஆனா இப்படி நாறுதே, அதுக்கு யார் காரணம்?” என்று கேட்டார் பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர்.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. எதிர்க்கரையை நோக்கிக் கையை நீட்டினேன்.

எதிர்க்கரையில் ஓலை வீட்டில் பால்கார அம்மா இருந்தார். மூன்று எருமைகள். மத்தியான வெயிலில் மூன்றும் மூக்கு மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் கிடக்கும். எங்கள் தெரு முழுக்க அவர் பால்தான். பாலில் தாராளமாகத் தண்ணீர் சேர்ப்பார். எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் இருப்பதே நல்லது என்று கிண்டல் செய்துகொண்டே வாங்குவோம்.

அவரிடம் பேச என்னையே அனுப்பினார்கள். படித்தவன், பக்குவமாகச் சொல்வேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

“ஏம்மா, மாட்ட இதுல விடாதம்மா. சாணி கலந்துதான் குளம் கெட்டுப்போகுது” என்றேன்.

“இன்னா சார் இப்டி சொல்றே? தண்ணில கெடக்காட்டி எருமை எப்டி சார் பால் குடுக்கும்? எங்க மாமியா காலத்துலேந்து கெடந்துகினு கீது. அப்பல்லாம் நாறலியே.”

அதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்துக்குள் தாங்கலைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. ‘நீர்நிலை காப்போம். மாடுகள் இறங்கத் தடை’ என்ற பலகையை என் கையால் எழுதினேன். எழுத்து அழகாக இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

அந்த அம்மா தினமும் எருமைகளை வெயிலில் ஏரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். பால் குறைந்துகொண்டே வந்தது. ஒரு எருமையை விற்றார், பிறகு இன்னொன்றையும் விற்றார். நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறினோம். “குளத்தைக் காப்பாத்திட்டீங்க, காபியைத்தான் காப்பாத்த முடியல” என்றாள் என் மனைவி. நானும் சிரித்தேன்.

மறு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சித்திரையில் தண்ணீர் சுருங்கித் தாங்கலின் நடுவுக்குப் போய்விட்டது. தூர்வார இதுதான் சமயம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வேலிக்குள் இறங்கினோம். இறங்கித் திரும்பிப் பார்த்தால், எங்கள் வரிசைக் காம்பவுண்டுச் சுவர்களின் அடியில், கரை மண்ணிலிருந்து வீட்டுக்கொரு குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இத்தனை நாளும் தண்ணீர் அவற்றை மூடி வைத்திருந்தது. ஒவ்வொன்றின் கீழும் கறுப்புச் சேறு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மனைவி துணி துவைத்த தண்ணீரைக் கொட்டியிருக்க வேண்டும். என் வீட்டுக் குழாயிலிருந்து குபுகுபுவென்று சோப்பு நுரை வந்து எல்லோர் காலடியிலும் பரவியது.

வீடு கட்டும்போது மேஸ்திரி கேட்டது நினைவுக்கு வந்தது. “செப்டிக் டேங்க் ரொம்புனா தண்ணிய எங்க சார் வுடறது?” “எங்கேயாவது விடுப்பா, நம்ம வீட்டுக்குள்ள வராம இருந்தா சரி” என்றேன். அந்த வரிசை வீடுகளையெல்லாம் கட்டியது அவர்தான்; எல்லோரும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருப்போம். அந்த ‘எங்கேயாவது’ எங்கே இருக்கிறது என்று உயிரியல் வாத்தியாருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல அவமானமாக இருந்தது.

பேங்க்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: “மழை வந்தா மூடிக்கும் சார்.”

ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்த ஒரு கணம் எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது, அதுதான் உண்மை. குழாயைவிட அந்த நிம்மதியை நினைத்துத்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறேன்.

பிறகு தோட்டத்தில் பள்ளம் தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, வீட்டுக் கழிவுநீரை அதில் விட்டேன். குழாயின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்தேன். இரண்டு வீட்டுக்காரர்கள் அதேபோல் செய்தார்கள். மற்றவர்கள் ‘பார்க்கலாம் சார்’ என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐப்பசியில் மழை கொட்டித் தாங்கல் நிரம்பியது. மிச்சக் குழாய்கள் மறுபடியும் முங்கிப்போயின.

எதிர்க்கரையில் வேலியை இரண்டு கல்தூண் அகலத்துக்குப் பிரித்துவிட்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மிச்சமிருந்த ஒற்றை எருமையை வாசலில் கட்டி, அடிபம்பில் தண்ணீர் பிடித்து அதன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வேலியைப் பிரிச்சாச்சும்மா. இனிமே மாட்ட இறக்கிக்கலாம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து தாங்கலை ஒரு தடவை பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை.

“வாணாம் சார். அதுல எறங்குனா மாடு அழுக்காப்பூடும்.”