காதர் பாய் மாற்றிச் சொல்லாத வசனம்

இப்போதெல்லாம் நான் சுவர்களைப் படித்துக்கொண்டே நடக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவனுக்கு ஊரே புதிதாகிவிட்டது. மருந்துக் கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, எதையும் விடுவதில்லை. போன வாரம் பஸ் நிலையச் சுவரில் புதுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சந்தோஷமாகக் கூட்டினேன். கா, த, ர் என்று வந்தபோதுகூட உறைக்கவில்லை. ‘பாய் காலமானார்’ என்று முடித்த பிறகுதான் உறைத்தது. யாரும் வந்து சொல்லாமல், நானே படித்துத் தெரிந்துகொண்ட முதல் சாவு அது.

அடுத்த வரியைப் படித்ததும் கோபம் வந்தது. ‘யாரிடமும் எதிர்த்துப் பேசாத சாது.’ சினிமாக் கொட்டகை நண்பர்கள் போட்ட தாள். அமாவாசைக் காலைக் காட்சிக்கு வந்தவர்களே, உங்களுக்கு ஒன்றுமே நினைவில்லையா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய்க்கு வீடு எங்கள் ஊர் ஒலிமுகமதுபேட்டையில்; தொழில், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சமையல் வேலை பார்த்ததில் இங்கிலீஷ் வந்தது. தறிக்கு விடுமுறையான அமாவாசை அன்று எங்கள் கொட்டகையில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மைக்கில் பாய் கதை சொல்வார். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவன். கூட்டம் அடங்கியதும் உள்ளே வந்து நின்றுவிடுவேன்.

அவர் சொன்னதில் பாதி படத்தில் இருக்காது. குதிரையில் வந்து இறங்கும் திருடனைப் பார்த்து, “இன்னாபா லேட்டு? ஐயம்பேட்டை கிட்ட குதிரை பஞ்சரா?” என்பார். முத்தக் காட்சி வந்தால், “பெரியவங்க கண்ணை மூடிக்குங்க. சின்னவங்க, நான் சொன்னாலும் மூட மாட்டீங்க” என்பார். கொட்டகை அதிரும்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது முதலாளி ஒரு யுத்தப் படம் கொண்டுவந்தார். விளம்பரத் தட்டியில் பீரங்கி. கூட்டம் கொள்ளவில்லை. படத்தின் நடுவில் கதாநாயகச் சிப்பாய், துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னான். பாய் சொன்னார்: “ஐயா, நான் சண்டைக்கு வர்றேன். அடிபட்டவனைத் தூக்கிக்கினு வர்றேன். எவனையும் சுட மாட்டேன்.”

கூட்டத்தில் விசில் கிளம்பியது. “இன்னா பாய், உன் இஷ்டத்துக்கு வுடறியா?” என்றான் ஒருவன். “உன் ஊருக்குப் போய்யா!” என்றது இன்னொரு குரல்.

பாய் மைக்கிலேயே பதில் சொன்னார். “போறேன்பா. ஒலிமுகமதுபேட்டை தானே? படம் முடிஞ்சதும் நடந்தே போயிடுவேன்.”

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. கொட்டகையை உடைத்துவிடுவார்களோ என்று பயந்த முதலாளி, என்னைத் தள்ளிவிட்டு முன்னே ஓடினார். பின்னாலேயே போன எனக்கு எல்லாம் கேட்டது.

“மாத்திச் சொல்லுய்யா. எல்லாரையும் சுட்டுத் தள்ளுவேன்றான்னு சொல்லு.”

“அவன் அப்படிச் சொல்லலியே முதலாளி.”

“எத்தினி படத்துல எத்தினி புளுகு வுட்டிருக்கே! இன்னிக்கு மட்டும் இன்னா?”

“அதெல்லாம் சிரிக்கறதுக்கு. இவன் ஜெயிலுக்குப் போறதுக்கு ரெடியா நின்னுக்கினு சொல்றான். இதுல நான் கை வைக்க மாட்டேன்.”

“சோத்துக்குச் சிங்கி அடிப்பே.”

“ஈயம் பூசற வேலை இருக்குது முதலாளி.”

அதிகாரி ஏசியது, கூட இருந்த சிப்பாய்களே அவனைக் கோழை என்று துப்பியது, அவன் குண்டுகளுக்கு நடுவில் எதிரிப் படைக்காரன் ஒருவனையும் தோளில் தூக்கி வந்தது, எல்லாவற்றையும் பாய் உள்ளபடி சொன்னார். ஒரு செருப்பு வந்து ஸ்டூலில் பட்டது. ஆனால் கடைசிவரை சொன்னார்.

‘எனக்கு இங்கிலீஷ் சரியாப் புரியல, தப்பாச் சொல்லிட்டேன்’ என்று அடுத்த அமாவாசையில் மைக்கில் சொன்னால் வேலை தொடரும் என்றார் முதலாளி. பாய் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். “நீ டிக்கெட்டைக் கிழி” என்றார். சண்டை ஓய்ந்த பிறகும் கேட்டேன். அதே பதில்தான். அவர் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரித்த நீங்கள், புரியாத படத்தை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது அவரைச் சாது என்கிறீர்கள். யாருக்காக இந்தப் பொய்? பாய்க்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சில வருடம் கழித்து என் வீட்டு அண்டாவுக்கு ஈயம் பூச வந்தவரிடம் கேட்டேன். “ஒரு வார்த்தைதானே பாய், மாத்தி வுட்டிருக்கலாமே?”

ஈயம் ஒட்டுவதற்குத் தூவிய நவச்சாரத்தின் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: “அந்த ஆளு எந்தத் தேசத்துலேருந்தோ நம்ம ஊருக்கு வந்து நின்னான். அவன் பாஷை இங்க யாருக்கும் தெரியாது. என்னை வுட்டா அவனுக்கு யாருபா இருக்காங்க?”

அந்தப் படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. சிப்பாய் பேசிய இங்கிலீஷில் ஒரு சொல்லும் தங்கவில்லை. பாயின் வாயிலிருந்து வந்த அந்த வசனம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை எழுதி முடிப்பதற்குள் விரல் வலித்தது, ஆனாலும் அத்தனை சந்தோஷம். எங்கள் முதியோர் பள்ளி வாத்தியார் இந்தத் தாள்களைப் பார்த்துப் பிழை திருத்தித் தந்தார். வசனத்துக்கு வந்ததும், “‘தூக்கிக்கொண்டு வருகிறேன்’ என்று மாற்றிவிடலாமா? அதுதான் சரியான தமிழ்” என்றார்.

“மத்ததெல்லாம் திருத்துங்க சார்,” என்றேன். “அதுல மட்டும் கை வைக்காதீங்க.”